மோட்சத்துக்கு ஒரு பெயர்

மே 12, தாம்பரே

அரிசிக் குக்கர் மூன்றாம் மாடிச் சமையலறையில், சன்னலுக்கு இடப்பக்கம் வைக்கப்படும் என்று இன்று முடிவாயிற்று. இரு நாட்டுப் பிரதிநிதிகளும் கலந்துகொண்ட கூட்டம் காலையில் தொடங்கி மதிய உணவு வரை நடந்தது. பின்லாந்துத் தரப்பில் நடனக் கழகத்தின் இயக்குநர் மாரித் அம்மையாரும் கட்டடப் பாதுகாப்பு அதிகாரியும். இந்தியத் தரப்பில் கூத்துக் குழுவின் தலைவர் ராஜவேலு வாத்தியாரும் நானும். நேற்றுத் தாளிப்புப் புகைக்குத் தீயணைப்பு வண்டி வந்துவிட்டதால் நிலைமை இறுக்கமாகவே இருந்தது. வாத்தியார் இரண்டு முறை எழுந்து போகப் பார்த்தார். "சோறு பொங்கறதுக்கு எதுக்கு சார் பஞ்சாயத்து?" என்று அவர் கேட்டதை, "தங்கள் அக்கறைக்கு நன்றி" என்று மொழிபெயர்த்தேன். உடன்பாடு ஏற்பட்டது.

பிற்காலத்தில் இதைப் படிப்பவருக்காக: நான் ச. தெய்வசிகாமணி. செஞ்சியில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். செய்யாறு பக்கத்துக் கூத்துக் குழு ஒன்றை, எட்டுப் பேர், இந்த ஊருக்கு அழைத்து வந்திருக்கிறேன். இங்குள்ள நடன மாணவர்களுக்கு இவர்கள் கூத்து சொல்லித்தர வேண்டும். அவர்கள் இவர்களுக்குத் தற்கால நடனம் சொல்லித்தருவார்கள். ஜூன் ஆறாம் தேதி கழகத்தின் பொன்விழாவில் குழு மேடையேறும். அது நன்றாக அமைந்தால் மூன்று ஆண்டுக்கு ஒப்பந்தம். திட்டத்தை எழுதியவன் நான். கூத்து விடிய விடிய நடப்பது, எனக்கோ பனி ஒத்துக்கொள்ளாது. ஆனால் அதைப் பற்றிப் பதினான்கு பக்கம் எழுதுவதற்குப் பனியில் உட்கார வேண்டியதில்லை.

மே 14

பரிமாற்றம் தொடங்கிவிட்டது. காலையில் நம்மவர்கள் சொல்லித்தருகிறார்கள். மாணவர்கள் சுழன்று சுழன்று ஆடி, இருவர் வாந்தி எடுத்தார்கள். மதியம் அவர்கள் சொல்லித்தருகிறார்கள். தரையில் படுத்து உருண்டு புவியீர்ப்பை உணர வேண்டும். குழுவின் கட்டியங்காரன், அதாவது கோமாளி, பூபாலன் உருண்டுகொண்டே என் காலடிக்கு வந்து சேர்ந்தான்.

"புரபசரே, இது எந்தச் சாமிக்கு வேண்டுதல்?"

என்ன சொல்கிறார் என்று மாரித் கேட்டார். ஆழமான அனுபவமாக இருக்கிறதாம் என்றேன். அவர் கண்களை மூடித் தலையசைத்தார்.

முனிரத்தினம் கைபேசியை நெஞ்சின்மேல் வைத்தபடியே படுத்திருந்தார். ராஜபார்ட் கட்டுபவர், குழுவே அவர் குரலை நம்பித்தான் இருக்கிறது. ஊரில் அவருடைய ஒரே மகள் சுகன்யாவுக்கு மாசம் ஒன்பது. முந்தைய இரண்டு முறையும் குழந்தை தங்கவில்லை. வகுப்பில் கைபேசி கூடாது என்பது விதி. அது அவருடைய இதயத் துடிப்பை அளக்கும் கருவி என்று மாரித்திடம் சொன்னேன். ஒரு வகையில் உண்மைதான்.

மே 17

விழாச் சுவரொட்டி வந்தது. அழகான அச்சு. நடுவில் முனிரத்தினத்தின் முகம், கீழே 'வீரகேது மோட்சம்' என்று நம் எழுத்திலும் அவர்கள் எழுத்திலும்.

முனிரத்தினம் அதை வெகுநேரம் பார்த்தார்.

"யாரு செத்தது?"

"யாரும் சாகவில்லை. பொன்விழா."

"அப்ப இதை யாருக்கு ஆடறோம்?"

விஷயம் பிறகுதான் புரிந்தது. வீரகேது ராஜா மார்பில் அம்போடு கிடக்கும்போது, தெய்வம் பிச்சைக்காரனாக வந்து அவன் செய்த புண்ணியம் முழுவதையும் கேட்கிறது. அவன் கொடுத்துவிட்டு மோட்சம் போகிறான். தியாகம், மானுடம், பொதுமை என்று மூன்று தலைப்புகளில் இதை என் திட்டத்தில் விளக்கியிருக்கிறேன். ஆனால் செய்யாறு பக்கம் இந்தக் கூத்தைச் சாவு வீட்டில், பதினாறாம் நாள் காரியத்துக்கு மட்டும்தான் ஆடுவார்களாம். போனவர் பெயரை மேடையில் சொல்லி ஆடினால் அவருக்கு மோட்சம். சொல்லப் பெயர் இல்லாமல் ஆடினால், ஆடுகிறவன் வீட்டிலிருந்து ஒரு பெயரை அதுவே எடுத்துக்கொள்ளும்.

"நான் தபசுக் கூத்துன்னு நெனைச்சு வந்தேன் சார்," என்றார் முனிரத்தினம். "மரத்துமேல ஏறி, புள்ள வரம் கேட்டுப் பாடறது. எம்பொண்ணுக்காக."

தபசுக்குத் தென்னை உயரக் கம்பம் ஏற வேண்டும். இங்குள்ள பாதுகாப்பு அதிகாரி நாற்காலிமேல் ஏறி விளக்கு மாட்டவே அனுமதிப்பதில்லை. அதனால்தான் வீரகேதுவைத் தேர்ந்தெடுத்தேன் என்று எடுத்துச் சொன்னேன். படுத்துக்கொண்டே சாகலாம், விபத்துக்கு வழியில்லை.

"பொறந்தநாள் வீட்டுக்குக் கூட்டியாந்து சாவுக்கூத்து ஆடச் சொல்றீங்களே. நான் கட்டமாட்டேன்," என்றார்.

மே 18

முனிரத்தினம் பயிற்சிக்கு வரவில்லை. தொண்டை வலி என்று மாரித்திடம் சொன்னேன்.

மே 19

மாரித் தேனும் இஞ்சியும் கொண்டுவந்தார். மதியம் டாக்டரையும் கொண்டுவந்தார். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, இவ்வளவு ஆரோக்கியமான தொண்டையைத் தன் அனுபவத்தில் கண்டதில்லை என்றார். மாரித் என்னைப் பார்த்தார். நான் சன்னலைப் பார்த்தேன்.

மாலையில் தன் அறைக்கு அழைத்து, நாடகத்தை மாற்ற முடியாது, அரங்கம் நிறைந்துவிட்டது, அமைச்சர் வருகிறார், நடிகருக்கு ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார். சாவுக்கூத்து என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், அதைத் தேர்ந்தெடுத்த நிபுணர் யார் என்ற கேள்வி வரும். எல்லாம் சரியாகிவிடும் என்றேன்.

மே 20

ராஜவேலு வாத்தியார் என் அறைக்கு வந்தார். ஒப்பந்தம் அவருக்கும் வேண்டும். எட்டுக் குடும்பம், மழைக்காலம் முழுக்கக் கூத்து கிடையாது.

"ஒண்ணு பண்ணலாம் புரபசரே. போனவரு பேரு ஒண்ணு குடுங்க. இந்த ஊர்க்காரரா இருந்தா போதும். அவருக்குக் காரியமா ஆடிட்டா முனிரத்தினத்துக்கும் பயமில்ல. இம்மாம் பெரிய ஊர்ல ஒருத்தர்கூடவா சாகல?"

நியாயமான கேள்வி. கீழே போய்க் கூடத்தில் பார்த்தேன். வாசலுக்கு நேரே ஆளுயர ஓவியம். வெள்ளைத் தாடிக் கிழவர், தங்கச் சட்டம். மேலே சிறு விளக்கு இரவும் பகலும் எரிகிறது. கீழே ஜாடியில் புதுப்பூ. கழகத்தை நிறுவிய ஈரோ லாக்சோ என்று பலகை சொல்கிறது. சட்டம் போட்ட படம், விளக்கு, பூ. இதற்குமேல் என்ன சான்று வேண்டும்? நம் ஊரில் ஒரு மனிதன் உயிரோடு இருக்கும்போது இவ்வளவு மரியாதை கிடைக்குமா?

பெயரைக் கொடுத்தேன்.

"எப்பப் போனாரு?"

"போன மாசம்," என்றேன். பெயர் அங்கே இருந்தது. மாசம் மட்டும் என் சேர்க்கை.

மே 21

முனிரத்தினம் வந்துவிட்டார். குரல் கணீரென்று இருந்தது. தேனும் இஞ்சியும் வேலை செய்துவிட்டதாக மாரித் எல்லோரிடமும் சொல்கிறார்.

மே 25

குழு தினமும் பயிற்சிக்கு முன் கிழவர் படத்தைத் தொட்டுக் கும்பிடுகிறது. முனிரத்தினம் கறி, மீன் விட்டுவிட்டார். "முன்னப்பின்ன தெரியாத மனுசன். நம்ம பொண்ணுக்காக அவரு பேரை எடுத்துக்கறோம். சுத்தபத்தமா செய்யணும் சார்." பூபாலன் புல்வெளியில் பறித்த மஞ்சள் பூக்களைக் கோத்து மாலை போட்டான், ஊதுபத்தியும் ஏற்றினான். தீயணைப்பு வண்டி வந்தது.

மாரித் கண்கலங்கிவிட்டார். எங்கள் நிறுவனர்மேல் இவ்வளவு பக்தி எங்கள் மாணவர்களுக்கே இல்லையே என்றார். இன்று மாணவர்களும் வரிசையில் நின்று படத்தைக் கும்பிடுகிறார்கள். பண்பாட்டுப் பரிமாற்றம் என்பதன் பொருள் எனக்கே இப்போதுதான் முழுதாக விளங்குகிறது.

மே 29

மதிய உணவு. சால்மன் சூப். மாரித் கரண்டியால் கோப்பையைத் தட்டி ஓர் அறிவிப்புச் செய்தார். பூமாலைச் செய்தி கேட்டு ஈரோ மிகவும் நெகிழ்ந்துபோனாராம். பொன்விழாவுக்கு அவரே நேரில் வருகிறாராம். ஏரிக்கரை வீட்டில் தனியாக இருக்கிறார், வயது தொண்ணூற்றொன்று, விறகு தானேதான் பிளக்கிறார்.

எல்லோரும் கைதட்டினார்கள். நம்மவர்களும் தட்டினார்கள். என்ன சொன்னாங்க என்று வாத்தியார் கேட்டார்.

"சூப் பிடித்திருக்கிறதா என்று கேட்கிறார்," என்றேன்.

மே 30

அந்த வயதில் பயணம் உடம்புக்கு ஆகுமா என்று மாரித்திடம் கவலை தெரிவித்தேன். குளிர்காலத்தில் பனியில் ஓட்டை போட்டு ஏரியில் குளிப்பவர் என்றார். வீட்டிலிருந்தே பார்க்கும்படி நேரலை செய்யலாமே என்றேன். என் அன்பு அவரைத் தொட்டது. முதல் வரிசை நடுவில் இடம் ஒதுக்கிவிட்டார்.

ஜூன் 2

சுகன்யாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். பிரஷர் ஏறியிருக்கிறதாம். முனிரத்தினம் என்னிடம் வந்து, போனவருக்குப் பிள்ளை உண்டா, விளக்கோடு மேடைக்கு வருவானா என்று கேட்டார். இல்லை என்றேன்.

"அப்ப நானே புள்ளையா நின்னு விளக்கைக் காட்டிடறேன் சார். பாவம், அனாதையா போயிருக்காரு."

அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. சொன்னால் ஆடமாட்டார், ஆடாவிட்டால் எட்டுக் குடும்பம். ஆக, நான் பேசாமல் இருப்பது அவர்கள் நலனுக்காகத்தான். சலவைக்குப் போட்ட சட்டையை வாங்கி வந்தேன். விழாவன்று மொழிபெயர்ப்பாளனும் நேர்த்தியாக இருக்க வேண்டும்.

ஜூன் 5

கிழவரை விளக்கு அணைந்த பிறகே அரங்குக்குள் அழைத்து வர வேண்டும், அது எங்கள் மரபில் பெரியவர்களுக்குச் செய்யும் மரியாதை என்று மாரித்திடம் சொல்லியிருக்கிறேன். ஒத்துக்கொண்டார். முடியும் முன்பே வெளியே அழைத்துப் போவதும் மரபு என்றேன். அதற்கும் ஒத்துக்கொண்டார். இவர்களுக்கு நம் மரபின்மேல் உள்ள நம்பிக்கை நமக்கு இல்லை.

ஜூன் 6

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

மாலை ஆறு மணி. வெளியே நடுப்பகல் போல வெயில். ஒப்பனை அறையில் முனிரத்தினம் முகத்துக்குச் சிவப்புப் பூசி, தோள்கட்டை கட்டி, கிரீடம் வைத்து முடித்திருந்தார். கிரீடம் ஏறிவிட்டால் மேடைக்குப் போகாமல் இறக்கக் கூடாது. மேடையில் மிருதங்கம் தொடங்கிவிட்டது. அப்போது பூபாலனின் கையில் இருந்த முனிரத்தினத்தின் கைபேசி அடித்தது. சுகன்யாவுக்கு வலி எடுத்துவிட்டது. குழந்தை திரும்பியிருக்கிறது என்கிறார்களாம்.

முனிரத்தினம் கண்ணை மூடி, "லாக்சோ ஐயா, நீதான் பாத்துக்கணும்," என்றார்.

கதவு திறந்தது. ஈரோ லாக்சோ உள்ளே வந்தார். மரபெல்லாம் தெரிந்தும், மாலை போட்டவர்களுக்கு முதலில் நன்றி சொல்லாமல் இருக்க மனம் கேட்கவில்லையாம். கறுப்புக் கோட்டு. படத்தில் இருந்த அதே தாடி. ஒவ்வொருவர் கையாகப் பிடித்துக் குலுக்கினார்.

பூபாலன்தான் முதலில் பேசினான். "இன்னா புரபசரே, படத்துல இருக்கறவரு எறங்கி வராரு?"

"தம்பி," என்றேன். "அவருடைய தம்பி. அண்ணன் ஜாடை."

வாத்தியார் எழுந்து கிழவரின் தோளைத் தொட்டு, கதவு வழியாகத் தெரிந்த ஓவியத்தைக் காட்டினார். பிறகு கிழவரைக் காட்டினார். புருவத்தை உயர்த்தினார். கிழவர் சிரித்து, தன் நெஞ்சில் இரண்டு முறை தட்டிக்கொண்டார். நல்ல பலமான நெஞ்சு, சத்தம் கேட்டது.

முனிரத்தினம் அவர் கையை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். கிரீடத்தோடு பார்த்தால் அவர் மிக உயரம்.

"எம்பொண்ணு அங்க வலியில கெடக்கறா. நீ யாருக்குடா பாடை கட்டச் சொன்ன?"

இருபத்தாறு நாளில் அவர் என்னை ஒருமையில் அழைத்தது இதுவே முதல்முறை. இவர் என்ன சொல்கிறார் என்று கிழவர் என்னைக் கேட்டார். உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சியாம் என்றேன்.

மாரித் வந்து எங்கள் இருவரையும் வெளியே அழைத்துப் போனார். கிழவர் முதல் வரிசைக்கு. நான் பின்பக்கம், கண்ணாடி அறையில் என் ஒலிவாங்கிக்கு. அரங்கில் எல்லோர் காதிலும் என் குரல் மட்டும்தான்.

இரண்டு பேர் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வெகுநேரம் யாரும் வரவில்லை. மிருதங்கம் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அமைச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். ஆடமாட்டார்கள் என்றே நினைத்தேன். திரைக்குப் பின்னால் வாத்தியாரின் குரலும் முனிரத்தினத்தின் குரலும் மாறி மாறிக் கேட்டன, சொற்கள் புரியவில்லை. பிறகு பூபாலன் முன்னால் வந்தான். தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டான். கோமாளிக்குரல் இல்லை, சொந்தக் குரல்.

"சபையோருக்கு வணக்கம். செஞ்சி டவுன்ல இருந்து எங்களை இம்மாந்தூரம் கூட்டியாந்த ஆங்கிலப் பேராசிரியர், உயர்திரு தெய்வசிகாமணி அவர்கள், சிவலோக பதவி அடைஞ்சுட்டாரு. அன்னாரோட காரியத்துக்காக, அவரு ஆத்மா மோட்சம் போய்ச் சேரணும்னு, இந்த வீரகேது மோட்சத்தை ஆடறோம்."

என் முன்னால் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. முந்நூறு பேர் காதில் கருவியோடு காத்திருந்தார்கள்.

ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்தேன். பெயரைத் தெளிவாக உச்சரித்தேன்.

முதல் வரிசையில் ஈரோ லாக்சோ எழுந்து தலைகுனிந்து நின்றார். அவரைப் பார்த்து அமைச்சர் எழுந்தார். பிறகு அரங்கமே எழுந்தது. நான் மட்டும் உட்கார்ந்திருப்பது நன்றாக இருக்காது என்பதால் கண்ணாடி அறையில் நானும் எழுந்து நின்றேன்.

முனிரத்தினம் இன்று ஆடியது போல இனி யாராலும் ஆட முடியாது. மார்பில் அம்போடு கிடந்து, தெய்வமாக வந்த வாத்தியாரின் கையில் புண்ணியத்தையெல்லாம் தண்ணீரோடு சேர்த்து ஊற்றினார். என் பெயரைச் சொல்லித்தான் ஊற்றினார். பிறகு விளக்கை ஏந்தி, கண்ணாடி அறையைப் பார்த்து மூன்று முறை சுற்றினார். முன்வரிசையில் பலர் அழுதார்கள்.

முடிந்ததும் மாரித் ஓடிவந்தார். இது எங்கள் மரபில் உயிரோடிருப்பவருக்குத் தரும் மிக உயர்ந்த கௌரவம் என்று சொன்னேன். அவர் என்னைக் கட்டிக்கொண்டு வாழ்த்தினார்.

ஜூன் 7, காலை

உணவுக்கூடத்தில் வணக்கம் சொன்னேன். யாரும் திரும்பவில்லை. சுகன்யா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். முனிரத்தினம் கைபேசியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் கேட்டதாகவே அந்த முகத்தில் தெரியவில்லை. உப்பை எடுக்க ஒருவர் என் முன்னால் கையை நீட்டினார், நாற்காலி காலியாக இருந்தால் நீட்டுவது போல.

பூபாலனை மட்டும் தேநீர் இயந்திரத்தின் அருகே தனியாகப் பிடித்தேன். அவன் என்னைப் பார்க்காமல் கையில் இருந்த காகிதக் கோப்பையைப் பார்த்தான்.

"டம்ளரே, உன்கிட்டதான் சொல்றேன். செத்தவங்ககிட்ட பேசக்கூடாது."

"ஏன் பூபாலா என் பேரைச் சொன்னாய்?"

"டம்ளரே, கிரீடம் வச்சாச்சு, எறக்க முடியாது. பேரு ஒண்ணு வேணும். இந்த ஊர்ல எங்க எட்டுப் பேருக்கும் வாயில நொழையற பேரு ஒண்ணுதான் இருந்துச்சு." தேநீரை ஒரு வாய் குடித்தான். "இப்ப அந்த ஆளு உசுரோட இருக்காருன்னு நாங்க ஒருத்தர் ஒத்துக்கிட்டாலும், ஆடுனது பொய்யாயிடும். பொய்யானா போய் அந்தப் பொண்ணு மேல விழும். பொண்ணு இன்னும் வலியிலதான் கெடக்குது. ஆபரேசன்னு சொல்றாங்க. அதனால அந்த ஆளு செத்தவருதான். நல்ல மனுசன்தான், இன்னா பண்றது."

கோப்பையைக் கசக்கிக் குப்பையில் போட்டுவிட்டுப் போனான்.

பதினோரு மணிக்கு ஒப்பந்தம். மாரித் பேசியதை நான் தமிழில் சொன்னேன். எட்டுப் பேரும் நான் முடிக்கும்வரை சுவரைப் பார்த்தார்கள். கடைசியில் மாரித் கையெழுத்திட வேண்டிய இடத்தை விரலால் காட்டினார். வாத்தியார் கையெழுத்திட்டார். இரண்டு பேரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். ஒன்றும் சிரமமாக இல்லை.

ஜூன் 7, மாலை

பெண் குழந்தை. ஆபரேஷன் இல்லாமலே பிறந்துவிட்டது. தாயும் சேயும் நலம். நடைவழியில் கூச்சல் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

உணவுக்கூடத்துக்குப் போனேன். முனிரத்தினம் கடையிலிருந்து வாங்கி வந்த இனிப்பு ரொட்டியை ஒவ்வொருவர் வாயிலும் தானே ஊட்டினார். ஏழு பேருக்கும். மாரித்துக்கும். பாதுகாப்பு அதிகாரிக்கும். மாணவர்கள் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டார்கள். நான் மேசையின் கோடியில் உட்கார்ந்திருந்தேன். வாழ்த்துச் சொல்ல எழுந்தேன், பிறகு உட்கார்ந்தேன்.

கடைசியாக என் பக்கம் வந்தார். ஒரு காகிதத் தட்டில் இரண்டு ரொட்டியை வைத்தார். பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தார். விரலை நனைத்துத் தட்டைச் சுற்றி மூன்று முறை தண்ணீர் விட்டார். கைகூப்பிக் கும்பிட்டார். திரும்பிப் பார்க்காமல் போனார். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கும்பிட்டுவிட்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினார்கள்.

ரொட்டியில் ஏலக்காய் போட்டிருந்தது.